துணைக்குப் போவதும் துணை போவதும்

எனக்கு எட்டு வயது இருக்கும். சின்ன அத்தை டவுனில் தையல் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் வர ஒரு மைல் நடக்க வேண்டும். நடுவில் ஒரு புளியந்தோப்பு. "இருட்டுற நேரத்துல தனியா வராத. இவனத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ" என்று பாட்டி என்னைப் பிடித்து அனுப்பிவிடுவாள். அத்தைக்கு இருபது வயது. ஆட்டுரலை ஒற்றை ஆளாகப் புரட்டி வைக்கிறவள். நானோ நாய் குரைத்தால் அவள் தாவணிக்குப் பின்னால் ஒதுங்குகிறவன். ஒருநாள் தோப்புக்குள் ஏதோ சரசரத்தபோது கல்லை எடுத்தது அவள். கண்ணை மூடிக்கொண்டது நான். ஆனாலும் வீட்டுக் கணக்கில் நான்தான் அவளுக்குத் துணை. அவள் எனக்குத் துணை என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தக் கணக்கு அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னாளில் வேடிக்கையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், துணை என்ற சொல்லின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது என்று படுகிறது. பாதுகாப்புக்காகக் கூடப் போவதற்குத் தமிழில் நாம் புழங்கும் சொல் துணை. வழியில் வந்தால் வழித்துணை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பலமும் இல்லை, ஆயுதமும் இல்லை. அவற்றுக்குக் காவல் என்று வேறொரு சொல் இருக்கிறது.

காவலையும் துணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் போலீஸ் வேலைக்கு வழிக்காவல் என்று பெயர். அங்கே கூடப் போகிறவர், கூட்டிப்போகப்படுகிறவர் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறார். வழிக்காவலில் போகிற கைதியை வழித்துணையோடு போகிறான் என்று சொன்னால் சிரிப்பார்கள். காவலுக்கு மேல் கீழ் உண்டு: காப்பவர், காக்கப்படுபவர். துணைக்கு அது கிடையாது. பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லின் பழைய பொருளும் அதைத்தான் காட்டுகிறது. துணை என்றால் இரட்டை, சோடி. பள்ளிக்கூடத்தில் 'கா' எழுதக் கற்றபோது பக்கத்தில் ஒரு காலைப் போட்டோமே, அதற்குத் துணைக்கால் என்று பெயர். தனியாக நிற்க முடியாத குறி அது. ஆனால் பக்கத்தில் வந்து நின்றதும் குறில் நெடிலாகிவிடுகிறது. பூவைச் சேர்த்துக் கட்டுவதற்குத் துணைத்தல் என்றும், கட்டிய மாலைக்குத் துணையல் என்றும் பழைய இலக்கியத்தில் வழக்கு உண்டு. துணைவன் என்ற சொல்லும் கணவனோடு நின்றுவிடவில்லை. உடன்பிறந்தான், நண்பன் எல்லோரும் துணைவர்தான். பக்கத்து மலையாளத்தில் 'துண' என்று ஐகாரம் உதிர்ந்து அதே சொல் உதவிக்கும் கூட்டுக்கும் இன்றும் வழங்குகிறது. கேரள போலீஸ் தன் இணையச் சேவைக்குத் 'துண' என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு போலீஸ் முன்பு கொண்டுவந்த செயலிக்குப் பெயர் 'காவலன்'. அங்கே பக்கத்தில் வந்து நிற்கிறார்கள், இங்கே காவலுக்கு வருகிறார்கள்!

இரட்டை என்ற பொருளும் உதவி என்ற பொருளும் ஒரே இடத்தில் மோதுவதைப் பார்க்க அப்பர் தேவாரத்துக்குப் போக வேண்டும். 7-ஆம் நூற்றாண்டு. பல்லவ அரசன் கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு:

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

சொற்றுணை என்றால் சொல்லுக்குத் துணை. பொற்றுணைத் திருந்தடி என்றால் பொன் போன்ற இரண்டு அடிகள். இங்கே துணை வெறும் எண்ணிக்கை. கற்றுணை கொஞ்சம் சிக்கல். கல்தூண் என்பது எதுகைக்காகக் குறுகியது என்பார்கள். கல்லையே துணையாகக் கட்டி என்று படித்தாலும் பொருள் வருகிறது, எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஆளை மூழ்கடிக்கக் கட்டிய கல்லும் பக்கத்தில் இருப்பதால் துணைதான். ஆனால் நல்ல துணை வேறு. நாலு அடிக்குள் சொல்லை நாலு விதமாகத் திருப்பிக் காட்டிவிட்டார். கல் மிதந்து அவர் கரையேறிய இடம் கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர். கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரும் அங்கே இருக்கிறது.

துணைக்கு அளவு என்றும் ஒரு பொருள் உண்டு. தினை அளவு நன்றி செய்தாலும் பனை அளவாகக் கொள்வர் என்பதைத் 'தினைத்துணை', 'பனைத்துணை' என்றுதான் குறள் சொல்கிறது. இரட்டைக்கும் அளவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், என் ஊகம் இது: ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால்தானே அளவு தெரியும்? தராசின் இரண்டாவது தட்டு மாதிரி. இந்தப் பொருள் இன்று மேடையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. "அத்துணை பேருக்கும் வணக்கம்" என்பார்கள். எண்ணக்கூடியதற்கு அத்தனை, அளக்கக்கூடியதற்கு அத்துணை என்று வாத்தியார் திருத்துவார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

துணைக்கு எதிர்ச்சொல் எது? தனிமை என்போம். தொல்காப்பியம் அதற்கு ஒரு பழைய சொல்லை வைத்திருக்கிறது: "புலம்பே தனிமை." துணை இல்லாமல் இருப்பதுதான் புலம்பு. இன்று புலம்பல் என்றால் வாய்விட்டு அரற்றுவது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத கிழவி திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொல் எப்படி இடம் பெயர்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி வழிக்கு வருவோம்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி இருக்கிறது. மிளகு மூட்டை சுமக்கும் கழுதைகள் கூட்டமாகப் போகின்றன. இருபக்கமும் சமமாகத் தொங்கும் மூட்டைகள் பலாப்பழம் போல இருக்கின்றன. சுமந்து சுமந்து முதுகில் தழும்பு. காது மட்டும் நிமிர்ந்திருக்கிறது. அந்தப் பெருவழியில் உல்கு, அதாவது சுங்கம், வாங்குகிறார்கள். பாதை பிரியும் இடத்தில் வில்லோடு காவல் இருக்கிறார்கள். பாதை பிரியும் இடத்துக்குப் புலவர் சொல்லும் சொல் 'கவலை'. கவலை என்றால் கவர்த்த வழி. எந்தப் பக்கம் போவது, எந்தப் பக்கம் கள்ளன் இருப்பான் என்று தெரியாமல் நிற்கிற இடம். அந்த வழியில் தனியாக நின்று பார்த்தவன் எவனோதான் மனசுக்குள் இருப்பதற்கும் அதே பெயரை வைத்திருப்பான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இப்படிக் கூட்டமாகப் போகும் வணிகர்களுக்குச் சாத்து என்று பெயர். கோவலனின் தகப்பன் மாசாத்துவான் பெயரில் இருப்பது அந்தச் சாத்துதான். பிற்காலத்தில் ஐந்நூற்றுவர் போன்ற பெரிய வணிகக் குழுக்கள் எறிவீரர் என்று சொந்தப் படையே வைத்திருந்தார்கள். வணிகர்கள் காவல் போட்டுக்கொண்ட ஊர்கள் எறிவீரப்பட்டினம் என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கல்வெட்டில் வருகின்றன. பணம் உள்ளவர்கள் காவலை வாங்கிக்கொண்டார்கள். ஒற்றை ஆளாகப் போகும் சின்ன வியாபாரி என்ன செய்வான்?

அவனுக்காகத்தான் விரிஞ்சிபுரத்தில் ஒரு சாமி இருக்கிறார். வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் பாலாற்றங்கரையில் வருகிற ஊர். மூலவர் பெயர் வழித்துணைநாதர், வடமொழியில் மார்க்கபந்தீஸ்வரர். தலபுராணக் கதையில் இங்கேயும் மிளகுதான். மேற்கேயிருந்து காஞ்சிக்கு மிளகு கொண்டுபோன வியாபாரி ஒருவர் வழியில் கள்ளர் பயம் என்று இந்தச் சாமியிடம் முறையிட, வேடன் வடிவில் வந்து கூடவே நடந்து கொண்டுபோய்ச் சேர்த்தாராம். 16-ஆம் நூற்றாண்டு அப்பைய தீட்சிதர் இவர் மேல் பாடிய மார்க்கபந்து தோத்திரத்தை, பயணம் கிளம்புமுன் இப்போதும் முணுமுணுப்பவர்கள் உண்டு.

வைணவர்கள் சும்மா இருப்பார்களா? மதுரைக்குப் பக்கத்தில் திருமோகூர் காளமேகப் பெருமாள் அவர்களுக்கு வழித்துணைப் பெருமாள். நம்மாழ்வார் அவரைத் துணைக்கு அழைப்பது வைகுந்தம் போகிற வழிக்கு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அந்த வழிக்குக் கடைவழி என்று பட்டினத்தார் பெயர் வைத்திருக்கிறார். காதறுந்த ஊசிகூட அதில் கூட வராது. அருணகிரிநாதர் இன்னும் பொதுவாக, "பயந்த தனிவழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே" என்று முடித்துவிட்டார். செங்கோடன் திருச்செங்கோட்டு முருகன். அந்த ஊரிலிருந்துதான் இன்று போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. மயிலுக்கு வேலை குறையவில்லை.

சாமி மட்டும்தான் துணை என்பதும் இல்லை. பொழுது சாய்ந்தபின் கறிச்சோறு கொண்டுபோகும் தூக்குவாளியில் ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்புவாள் பாட்டி. பிள்ளைத்தாச்சி வெளியே போனால் இடுப்பில் வேப்பிலையோ கையில் ஒரு இரும்போ இருக்க வேண்டும். கரித்துண்டு யாரை அடிக்கும்? ஆனால் அது துணை. நான் அத்தைக்குத் துணையாக இருந்ததும் அநேகமாக அந்த வகைதான்.

பலமில்லாத துணையால் எப்படிப் பயம் போகிறது என்பதற்கு மலையாள நாட்டில் தெளிவான விடை இருக்கிறது. அங்கே பழைய காலத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வெளியாட்கள் ஒரு நாயரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போவார்கள். இந்த ஏற்பாட்டுக்குச் சங்ஙாதம் என்று பெயர். போர்த்துகீசியர் இதை 'ஜங்கடா' என்று எழுதி வைத்தார்கள். கூட வருகிறவர் தன் உயிரையே ஈடாக வைத்து வருகிறார். பயணிக்கு ஏதாவது ஆனால் அவர் உயிரோடு திரும்ப மாட்டார்; அவருக்கு ஏதாவது ஆனால் அவருடைய தறவாடு என்ற கூட்டுக்குடும்பமும் ஊரும் சும்மா விடாது. எனவே கொள்ளைக்காரன் கணக்குப் போட வேண்டியது எதிரே நிற்கும் ஒற்றை வாளைப் பற்றி அல்ல, அவர் பின்னால் இருக்கும் கூட்டத்தைப் பற்றி. குஜராத்தில் பாட், சாரணர் என்ற பாணர் சாதியார் இன்னும் ஒருபடி மேல். வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடிக்க வந்தால் தங்களையே குத்திக்கொண்டு சாவோம் என்று மிரட்டுவார்கள். சில சமயம் செய்தும் காட்டுவார்கள். புனிதமாகக் கருதப்பட்டவர்களின் ரத்தப்பழி கொள்ளைக்காரன் தலையில் விழும். அதற்குப் பயந்து விலகுவான்.

சங்ஙாதம் நமக்கும் அந்நியமான சொல் இல்லை. மலையாளத்தில் நண்பன் சங்ஙாதி. தமிழில் அதன் உடன்பிறப்பு சங்காத்தம். ஆனால் நம்மிடம் வந்து அது கெட்டுப்போய்விட்டது. "உன் சங்காத்தமே வேண்டாம் சாமி" என்று கும்பிடு போடும்போது மட்டும்தான் அது வாயில் வருகிறது. சங்காத்தம் வேண்டும் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அதே மாதிரி ஒரு கோணல் துணைக்கும் உண்டு. 'துணைக்குப் போனான்' என்றால் நல்லவன். 'துணை போனான்' என்றால் குற்றவாளி. நடுவில் இருப்பது ஒரு நாலாம் வேற்றுமை உருபு, 'கு'. அது இருந்தால் ஆளுக்குத் துணை; உதிர்ந்தால் செயலுக்குத் துணை. ஊழலுக்குத் துணை போன அதிகாரி என்று பத்திரிகையில் படிக்கிறோம். உடந்தை என்ற சொல்லும் உடன் இருப்பதிலிருந்து வந்ததுதான். இன்று போலீஸ் எஃப்.ஐ.ஆரில் குடியிருக்கிறது. கூட இருந்தவன் என்றாலே பாதிச் சந்தேகம்.

அத்தை விஷயத்தில் நான் இந்த 'கு'வைத் தவற விட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சைக்கிளோடு ஒருவர் நிற்பார். அத்தை அவரோடு அஞ்சு நிமிஷம் பேசுவாள். நான் கமர்கட்டைச் சப்பிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பேன். கமர்கட் வாங்கித் தந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "வழியில யாராச்சும் பேசினாங்களாடா?" என்று பாட்டி தினமும் கேட்பாள். இல்லை என்பேன். துணைக்குப் போனவன் துணை போனவனாக ஆன கதை இது. பாட்டி என்னை அனுப்பியது புளியந்தோப்புப் பேய்க்காக மட்டும் இல்லை என்பதும், நான் ஒரு கண்ணாகவும் காதாகவும் அனுப்பப்பட்டேன் என்பதும் எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. அத்தைக்கு அன்றே புரிந்திருந்தது. பெண்களுக்குத் துணை அனுப்பும் வழக்கத்தில் அக்கறை எது, வேவு எது என்று பிரிப்பது கஷ்டம். அதை வழக்கத்தின் பெருமையாகப் பேசுகிறவர்கள் துணையோடு போன பெண்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்த ஏற்பாடு வேலை செய்தது, அதற்குக் காரணம் ஒன்றுதான். வழியில் என்ன நடந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு வாய் இருந்தது. அதைக் கேட்கப் பாட்டி இருந்தாள். "கேக்க ஆளில்லேன்னு நெனச்சியா?" என்று சண்டையில் கேட்பார்களே, அந்த ஆள் பாட்டி. நாயருக்குப் பின்னால் தறவாடு, சாரணருக்குப் பின்னால் தெய்வம், எனக்குப் பின்னால் பாட்டி.

இதே கணக்கை நம் காலத்தில் சர்வதேச அளவில் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1981-இல் கனடாவில் தொடங்கிய பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்புக்கு வினோபா காலத்துச் சாந்தி சேனை ஒரு முன்மாதிரி. காந்தியவாதி நாராயண் தேசாய் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அவர்களுடைய குடும்பத்தார் 1984-இல் ஓர் அமைப்பு கண்டார்கள். அடுத்த வருஷமே அதன் தலைவர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மிஞ்சிய தலைவர்களோடு இந்த வெளிநாட்டுத் தொண்டர்கள் இரவும் பகலும் கூடவே இருக்கத் தொடங்கினார்கள். கையில் ஆயுதம் கிடையாது. கேமராவும் நோட்டும் உண்டு. ஸ்பானிய மொழியில் இந்த வேலைக்குச் சொல்லும் சொல்லின் வேரைத் தோண்டினால், ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறவன் என்ற லத்தீன் சொல் கிடைக்கிறது. நம்மூர்க் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும் உறவு.

1989 முதல் 1998 வரை இவர்கள் இலங்கையில் இருந்தார்கள். மிரட்டலுக்கு உள்ளான வழக்கறிஞர்களோடும் தொழிற்சங்கத்தாரோடும் கூடப் போய்வந்தார்கள். 2003-இல் நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் என்ற இன்னோர் அமைப்பு அங்கே போனது. கிழக்கில் விடுதலைப் புலிகள் இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துப்போனபோது திரும்பக் கேட்கப் போன தாய்மாரோடு அதன் ஆட்கள் போய் நின்றார்கள். அந்தத் தொண்டர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. சண்டை போட மாட்டார்கள். வாயைத் திறந்து வாதாடவும் மாட்டார்கள். என் எட்டு வயதுச் சாமர்த்தியத்தைவிடப் பெரிதாக ஒன்றும் அவர்களிடம் இல்லை. ஆனால் அவர்கள் பின்னால் ஒரு தூதரகம் இருந்தது. அந்த வசதி பாஸ்போர்ட்டைப் பொறுத்தது என்பதுதான் இதில் உறுத்தல். உள்ளூர்த் தாய் ஒருத்திக்கு இன்னோர் உள்ளூர்த் தாய் துணைக்குப் போனால், இருவரையும் கேட்க ஆளில்லை.

வழித்துணைநாதர் ஊர் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை உண்டு. போன மாதம் அங்கே நின்றபோது டி.என். 34 எண் போட்ட லாரி ஒன்று ஓரங்கட்டியது. திருச்செங்கோட்டு வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயின்ட்டில் 'முருகன் துணை'. டிரைவர் மட்டும் இறங்கி வந்தார். கிளீனர் எங்கே என்று கேட்டேன். "இந்தக் காலத்துல யாருங்க கிளீனர் வேலைக்கு வர்றாங்க? சிங்கிள் டிரைவர்தான்" என்றார். ராத்திரியில் தூக்கம் வந்தால் பேச்சுக்கொடுக்க ஆள் வேண்டாமா? டீயை ஆற்றிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "வீட்டுக்காரம்மா லைன்லயே இருக்கும். ஒண்ணும் பேசாது, அது பாட்டுக்கு டிவி பாத்துட்டு இருக்கும். கட் பண்ண மாட்டேன்."

ஸ்பீக்கரில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். போனைப் பக்கத்து சீட்டில், கிளீனர் உட்காரும் இடத்தில் வைத்தார்.